அரசாங்கமா, கிளைக் காரியாலயமா?

கூட்டாட்சி நாடொன்றிலே மாநில சர்க்கார் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், அரசியல் பாடம் படித்த மாணவன் தயங்காது விடை கூறுவான். தலைமையிலே ஒரு கவர்னர். அவருக்கு ஆலோசனை கூற முதலமைச்சரும் அமைச்சர்களும். சட்டம் இயற்றச் சட்டசபை. நீதி வழங்க ஐகோர்ட்டு. ஆணைகளை நடத்தி வைக்கச் செயலகமும் அதிகாரிகளும். பட்டியல் சரியானதுதான். தேர்விலே முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், தோழர்களே, ஒரு வீட்டுக்கு எத்தனை அறை, எத்தனை சாளரம், எத்தனை தூண் என்று எண்ணிச் சொல்லிவிட்டால், அந்த வீடு யாருடையது என்பது விளங்கிவிடுமா? சாவிக் கொத்து யார் இடுப்பிலே இருக்கிறது என்று பார்த்தால்தானே விளங்கும்!

மாநில சர்க்கார் என்னும் வீட்டுக்கு மூன்று சாவிகள் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைச் சட்டமாக விடுவதா, தடுப்பதா என்பது முதல் சாவி. மக்கள் தரும் வரிப் பணம் யார் கைவழியாக வந்து சேருகிறது என்பது இரண்டாவது சாவி. மக்கள் அமர்த்திய அமைச்சரவையை மக்களைக் கேளாமலே வெளியேற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது மூன்றாவது சாவி. மூன்றும் மாநிலத்தின் கையிலே இருந்தால் அது அரசாங்கம். மூன்றும் வேறிடத்திலே இருந்தால், கொடியும் கோட்டையும் எத்தனை இருந்தாலும் அது கிளைக் காரியாலயமே.

இதைத் தத்துவமாகப் பேசுவதைவிட, ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. அந்த நாடு கனடா. கனடாவை ஏன் எடுக்கிறோம்? நம் அரசியல் சட்டத்தை வகுத்தோர், பட்டியல்களிலே அடங்காத எஞ்சிய அதிகாரங்களை மத்திய சர்க்காருக்கே அளித்தபோது கனடாவின் வழியையே பின்பற்றினர். கவர்னரை மத்திய சர்க்கார் நியமிப்பது என்ற ஏற்பாடும் அங்கே உண்டு, இங்கும் உண்டு. அமெரிக்க நாட்டிலே மாநிலக் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அமெரிக்காவைக் காட்டினால், “அங்கே ஏட்டிலேயே வேறுபாடு இருக்கிறது” என்று கூறித் தப்பிவிடலாம். கனடாவைக் காட்டினால் அப்படித் தப்ப இடமில்லை.

ஏட்டிலே எழுதப்பட்டது

1867-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின் வழியாக, ஒண்டாரியோ, கியூபெக், நோவாஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்னும் நான்கு மாகாணங்கள் கொண்ட கனடா கூட்டாட்சி பிறந்தது. இன்று மாகாணங்கள் 10. அவற்றோடு மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்குட்பட்ட பிரதேசங்கள் 3. முதற் பிரதமராக வந்தவர் சர் ஜான் மெக்டொனால்டு. அண்டை நாடான அமெரிக்காவிலே 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரைக் கண்டவர் அவர். மாநிலங்களுக்கு மிகுந்த உரிமை அளித்ததால்தான் அந்த விபரீதம் விளைந்தது என்று அவர் கருதினார். எனவே, கனடாவிலே மத்திய சர்க்கார் மலைபோல் நிற்க வேண்டும், மாகாணங்கள் அதன் அடிவாரத்திலே இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

சட்டமும் அப்படியே எழுதப்பட்டது. மாகாணத் தலைவரான லெப்டினன்ட் கவர்னரை நியமிப்பது மத்திய சர்க்கார். சம்பளம் கொடுப்பது மத்திய சர்க்கார். காரணம் கூறி அவரை நீக்க வல்லதும் மத்திய சர்க்கார். மாகாண சபை ஒரு மசோதாவை நிறைவேற்றினால், அந்தக் கவர்னர் ஒப்புதல் தரலாம்; மறுக்கலாம்; தாமே முடிவு செய்யாமல் ஒட்டாவாவுக்கு அனுப்பி வைக்கலாம். அனுப்பப்பட்ட மசோதாவுக்கு ஓராண்டுக்குள் இசைவு வராவிட்டால் அது செத்துப் போகும். அது மட்டுமா? கவர்னர் ஒப்புதல் தந்து, சட்டமாகி, நடைமுறைக்கும் வந்துவிட்ட பிறகும்கூட, ஓராண்டுக்குள் மத்திய சர்க்கார் அதை ரத்து செய்யலாம். காரணம் இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பும் இல்லை.

பணத்தின் கதை என்ன? அந்நாளிலே பெரும் வருவாய் தந்தது சுங்க வரி. அது மத்திய சர்க்காருக்குப் போயிற்று. மாகாணங்களுக்கு நேர்முக வரி விதிக்கும் உரிமையும், நிலம், காடு, சுரங்கம் ஆகியவற்றின் வருவாயும், தலைக்கு 80 சென்ட் வீதம் மானியமும் ஒதுக்கப்பட்டன. பின்னர் உருவான மானிடோபா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் ஆகிய மூன்றுக்கும் தங்கள் மண்ணின் வளமே 1930 வரையில் கையளிக்கப்படவில்லை. அது ஒட்டாவாவின் பிடியில் இருந்தது.

இந்த ஏட்டை மட்டும் படித்தவர், கனடாவின் மாகாணம் நகரசபையைவிடச் சற்றே பெரியது என்றுதான் முடிவு கட்டுவார். ஆனால் இன்று, உலகின் கூட்டாட்சி நாடுகளிலே மாகாணங்கள் மிகுந்த வலிமையுடன் விளங்கும் நாடுகளில் ஒன்றாகக் கனடா எண்ணப்படுகிறது. கல்விக்கென மத்தியிலே ஓர் அமைச்சகமே கிடையாது. அது முழுக்க மாகாணத்தின் பொறுப்பு. மருத்துவமனைகள் மாகாணத்தின் பொறுப்பு. காடும் சுரங்கமும் மாகாணத்தின் சொத்து. ஒண்டாரியோவும் கியூபெக்கும் தமக்கெனத் தனிப் போலீஸ் வைத்திருக்கின்றன. கியூபெக் தன் மண்ணிலே குடியேறும் தொழிலாளரில் பெரும் பகுதியினரைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

விந்தை என்னவெனில், 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலே கவர்னரைப் பற்றி எழுதப்பட்ட விதிகள் அழிக்கப்படவில்லை. ஒப்புதல் மறுக்கும் அதிகாரமும், அனுப்பி வைக்கும் அதிகாரமும், ரத்து அதிகாரமும் இன்றும் அந்த ஏட்டிலே எழுத்து மாறாமல் இருக்கின்றன. ஏடு மாறவில்லை; நாடு மாறிற்று. எப்படி மாறிற்று? அதுதான் நாம் அறிய வேண்டிய பாடம்.

ஆற்றிலே மிதந்த மரம்

ஒண்டாரியோவின் முதலமைச்சராக 1872 முதல் 1896 வரை வீற்றிருந்தவர் ஆலிவர் மோவட். மெக்டொனால்டின் சட்ட அலுவலகத்திலேயே இளமையிலே தொழில் பயின்றவர் அவர். குருவை எதிர்த்து நின்ற சீடர் என்றே சொல்லலாம்.

அந்த மாகாணத்திலே, காட்டிலே வெட்டிய மரத்தை ஆற்றிலே மிதக்கவிட்டுத்தான் ஆலைக்குக் கொண்டு வர வேண்டும். மக்லாரன் என்ற மரவியாபாரி ஓர் ஆற்றைச் சீர்திருத்தி, மரம் தடையின்றி இறங்குவதற்கான அமைப்புகளைக் கட்டினார். பிறகு, மேல்புறத்திலே மரம் வெட்டிய கால்டுவெல் என்ற மற்றொரு வியாபாரியின் மரங்கள் அவ்வழியே வரக்கூடாது என்று தடுத்தார். ஆறு யாருக்குச் சொந்தம்? கட்டியவருக்கு நியாயமான கட்டணம் கொடு. ஆற்றை எல்லோரும் பயன்படுத்து என்று மோவட் 1881-ஆம் ஆண்டு சட்டம் இயற்றினார். மெக்டொனால்டு சர்க்கார் அதை ரத்து செய்தது. தனியார் சொத்துரிமைக்குத் தீங்கு என்றது.

மோவட் என்ன செய்தார்? பெருமூச்சு விட்டாரா? டெல்லிக்குக் காவடி என்று நாம் இங்கே சொல்கிறோமே, அதுபோல ஒட்டாவாவுக்குக் காவடி எடுத்தாரா? இல்லை. 1882-ஆம் ஆண்டு அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றினார். மீண்டும் ரத்து. 1883-ஆம் ஆண்டு மூன்றாம் முறை நிறைவேற்றினார். மூன்றாம் முறையும் ரத்து. 1884-ஆம் ஆண்டு, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், அந்த ஆற்று வழக்கிலே கால்டுவெல் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த ஆண்டிலே மோவட் நான்காம் முறை சட்டம் இயற்றினார். இம்முறை மத்திய சர்க்கார் கை வைக்கவில்லை.

ஆற்றிலே மரம் விடுவது அற்ப விஷயம் என்று கருதிவிடாதீர்கள். தங்கள் மாகாணத்து ஆற்றைப் பற்றித் தாங்கள் தேர்ந்தெடுத்த சபை முடிவு செய்வதா, தொலைவிலே இருக்கும் ஒரு சர்க்கார் முடிவு செய்வதா என்ற கேள்வி, அந்த மரத்தோடு சேர்ந்து ஒவ்வொரு ஊர்த் துறைக்கும் மிதந்து போயிற்று. மேற்கே மானிடோபாவிலும் இதே கதை. பெரிய ரயில் கம்பெனி ஒன்றுக்கு மத்திய சர்க்கார் 1881-இல் ஏகபோக உரிமை தந்திருந்தது. போட்டிப் பாதை போட மாகாணம் இயற்றிய சட்டங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. கோதுமை விளைத்த விவசாயி கொதித்தெழுந்தான். 1888-இல் அந்த ஏகபோகம் கைவிடப்பட்டது. ரத்து அதிகாரம் நாட்டின் ஒற்றுமைக்காக வைக்கப்பட்டது என்றார்கள். அது காத்து நின்றது யாரை என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

1887-ஆம் ஆண்டு கியூபெக் நகரிலே, அம்மாகாண முதலமைச்சர் மெர்சியேயின் அழைப்பின் பேரில், மோவட் தலைமையிலே மாகாண முதலமைச்சர்கள் மாநாடு கூடிற்று. ஐந்து மாகாணங்கள் வந்தன. பிரதமர் வரவில்லை. ரத்து அதிகாரத்தை மத்திய சர்க்காரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. தீர்மானம் சட்டமாகவில்லை என்பது உண்மை. ஆனால் மொழியால் வேறுபட்ட ஒண்டாரியோவும் கியூபெக்கும், இந்த ஒன்றிலே தோளோடு தோள் நின்றன என்பது அதைவிடப் பெரிய உண்மை.

பில்லியர்டு மேசையும் ஒரு பேங்கும்

டொரண்டோ நகரிலே ஹாட்ஜ் என்ற விடுதிக்காரர், தடை செய்யப்பட்ட நேரத்திலே தம் விடுதியில் பில்லியர்டு ஆட விட்டார் என்று தண்டிக்கப்பட்டார். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. விடுதிக்காரர் தரப்பின் வாதம் இது: மாகாண சட்டசபையே பிறரிடம் அதிகாரம் வாங்கி வந்த ஏஜெண்டு, ஏஜெண்டு தன் அதிகாரத்தை இன்னொரு குழுவுக்கு எப்படிக் கொடுக்கலாம்? 1883-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் அந்த வாதத்தைத் தள்ளியது. மாகாண சட்டசபை யாருக்கும் ஏஜெண்டு அன்று. தனக்கு ஒதுக்கப்பட்ட துறைகளிலே அது முழு அதிகாரம் படைத்தது என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்து, 1892-ஆம் ஆண்டு. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பணத்தை வைத்திருந்த ஒரு பேங்கு நொடித்தது. அரசருக்குரிய கடன் முதலிலே தீர்க்கப்பட வேண்டும் என்ற பழைய வழக்கைக் காட்டி, எங்கள் பணத்தை முதலிலே கொடு என்றது மாகாணம். நீ மாகாணம்தானே, அரசரின் உரிமை உனக்கேது என்று கேட்டனர் எதிர்த்தரப்பினர். மாகாணத்தின் காரியங்களிலே லெப்டினன்ட் கவர்னர் அரசரின் பிரதிநிதியே. மத்திய சர்க்காரின் கையாள் அல்லர் என்று தீர்ப்பு வந்தது. நியமித்தவர் வேறு; பிரதிநிதித்துவம் வேறு என்ற கோடு அன்று கிழிக்கப்பட்டது. ஒருவரை நியமித்ததாலேயே அவர் நியமித்தவரின் ஏவலாள் ஆகிவிடமாட்டார் என்ற இந்த நெறிதான், மாகாண சர்க்காரின் முதுகெலும்பாயிற்று.

1867 முதல் 1943 வரை 112 மாகாணச் சட்டங்கள் ரத்து செய்யப்பட்டன. ஒட்டாவாவுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் 70; அவற்றுள் இசைவு பெற்றவை 14 மட்டுமே. 1943-இல் ஆல்பர்ட்டாச் சட்டம் ஒன்று ரத்தானதே கடைசி. 1961-ஆம் ஆண்டு, சஸ்காட்செவன் கவர்னர் பாஸ்டீடோ, சுரங்க ஒப்பந்தங்களைப் பற்றிய ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் ஒட்டாவாவுக்கு அனுப்பினார். அப்போது பிரதமராயிருந்த டீஃபன்பேக்கருக்கே அது தெரியாது. தம்மைக் கலந்து கொள்ளவில்லை என்று அவர் பார்லிமெண்டிலே கூறினார். மத்திய சர்க்கார் உடனே இசைவு தந்து விவகாரத்தை முடித்தது. அதன் பிறகு எந்த மாகாணக் கவர்னரும் அந்தத் துணிவு கொள்ளவில்லை.

எண்ணிப் பாருங்கள். மெக்டொனால்டு காலத்திலே பிரதமர் விரும்பி எடுத்து வீசிய ஆயுதம், டீஃபன்பேக்கர் காலத்திலே பிரதமருக்கே சங்கடம் தந்தது. இடையிலே சட்டம் திருத்தப்படவில்லை. மக்களின் மனம் திருத்தப்பட்டது.

மூன்றாம் சாவியும் அவ்வாறே துருவேறிற்று. கியூபெக்கிலே 1878-இலும் 1891-இலும் கவர்னர்கள் அமைச்சரவையை நீக்கினர். 1903-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலே நடந்ததே கடைசி நீக்கம். மத்திய சர்க்காரே மாகாண ஆட்சியைக் கலைத்துத் தான் நடத்துவதற்கு வழி செய்யும் விதி, கனடாவின் அரசியல் சட்டத்திலே கிடையவே கிடையாது.

கஜானாவின் சாவி

இரண்டாம் சாவி எளிதிலே கைக்கு வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, வருமான வரியை மத்திய சர்க்காரே வசூலிக்கட்டும், மாகாணங்களுக்கு ஈடு தரட்டும் என்று ஏற்பாடாயிற்று. போர் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கியூபெக் மட்டும் மறுத்தது. மறுத்ததற்குத் தண்டனை, ஈட்டுத் தொகை கிடையாது. அதன் மக்கள் மத்திய சர்க்காருக்கு வரி கட்டினர். அவர்களுடைய மாகாணத்துக்கு அதிலிருந்து பங்கு வரவில்லை.

1954-ஆம் ஆண்டு முதலமைச்சர் டூப்ளெஸ்ஸி தாமே மாகாண வருமான வரி விதித்தார். மத்திய வரியிலே 15 சதவிகித அளவு. இரட்டை வரிப் பாரம் மக்கள் தலையிலே விழுந்தது. மக்கள் மாகாணத்தைப் பழித்திருக்கலாம். ஆனால் வழி விட வேண்டியவர் ஒட்டாவாவிலே இருக்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கிற்று. மத்திய சர்க்கார் இறங்கி வந்து, தன் வரியிலே 10 சதவிகிதத்தைக் கியூபெக் மக்களுக்குக் குறைத்தது.

அன்று திறந்த வாசல் பிறகு அடைபடவில்லை. 1963-இலே தனியார் மின்சாரக் கம்பெனிகளைக் கியூபெக் தன்னுடைமை ஆக்கியது. 1965-இலே மத்திய ஓய்வூதியத் திட்டத்திலே சேராமல் தனித் திட்டம் வகுத்து, அந்தப் பணத்தை மாகாண வளர்ச்சிக்கு முதலிட ஒரு நிதி நிறுவனமும் கண்டது. 1977-இலே பிரெஞ்சு மொழிச் சாசனம் இயற்றியது. இன்றும் கியூபெக் குடிமகன் ஆண்டுதோறும் இரண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறான். ஒன்று ஒட்டாவாவுக்கு, ஒன்று தன் மாகாணத்துக்கு. 1992 முதல், மத்திய சர்க்காருக்குரிய சரக்கு சேவை வரியைக் கூட அந்த மண்ணிலே பெரும்பாலும் மாகாணமே வசூலித்து ஒட்டாவாவுக்கு அனுப்புகிறது. கொடுப்பவர் யார், கை நீட்டுபவர் யார் என்பது அங்கே தலைகீழாக இருக்கிறது!

இதனால் ஏழை மாகாணம் பட்டினி கிடக்கிறதா? இல்லை. 1957 முதல் சமநிலை மானியம் என்ற ஏற்பாடு உண்டு. வருவாய் வலிமை குறைந்த மாகாணத்துக்கு மத்திய நிதியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. 1982-ஆம் ஆண்டு அந்த நெறி அரசியல் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டது. கியூபெக்கும் அந்த மானியத்தைப் பெறுகிறது. தன் சாவியைத் தானே வைத்திருப்பதும், வறிய உடன்பிறப்புக்குப் பங்கு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாநிலம் தவறு செய்தால்?

இங்கே மாற்றார் ஒரு கேள்வி எழுப்புவர். கேள்வி நேர்மையானது, நேர்மையாகவே விடை கூற வேண்டும். “மாநில சபை என்ன தெய்வ சபையா? அது கொடுஞ்சட்டம் இயற்றினால் தடுப்பவர் யார்?”

உண்மைதான். உரிமைக் கொடி பிடித்த அதே டூப்ளெஸ்ஸி, 1937-ஆம் ஆண்டு ‘பூட்டுச் சட்டம்’ என்று பெயர் பெற்ற சட்டத்தைக் கொண்டு வந்தவர். கம்யூனிசப் பிரசாரம் நடக்கிறது என்று கருதினால் ஒருவர் வீட்டையே பூட்டி முத்திரையிட அது வழி செய்தது. எது கம்யூனிசம் என்பதற்கு அச்சட்டத்திலே விளக்கமும் கிடையாது. அதே ஆண்டு ஆல்பர்ட்டாவிலே பத்திரிகைகளை அடக்க ஒரு மசோதா வந்தது. மாகாணம் என்பதாலேயே அது மக்களின் தோழன் ஆகிவிடாது. மாகாண சர்க்காரும் மக்கள் உரிமையைப் பறிக்கக் கூடும்.

ஆனால் அவை எப்படி வீழ்ந்தன என்று பாருங்கள். ஆல்பர்ட்டா மசோதாவைக் கவர்னர் ஒட்டாவாவுக்கு அனுப்பினார். 1938-இலே சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கியூபெக்கின் பூட்டுச் சட்டத்தையோ, ரத்து அதிகாரம் கையிலிருந்தும், மத்திய சர்க்கார் தொடவில்லை. பெரிய மாகாணத்தைப் பகைக்க மனமில்லை. 1957-இலே சுப்ரீம் கோர்ட்டுதான் அதை வீழ்த்தியது. இருபதாண்டு காத்திருக்க நேர்ந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்து அதிகாரத்தின் இயல்பையும் அது காட்டிவிட்டது. மரவியாபாரியின் சொத்துக்காக மூன்று முறை பாய்ந்த வாள், குடிமகனின் வீட்டுக் கதவு பூட்டப்பட்டபோது உறையிலேயே கிடந்தது! மேலிடத்தின் தடையாணை, நியாயத்தைப் பார்த்துப் பாய்வதில்லை. தனக்கு லாபமா நஷ்டமா என்று பார்த்துப் பாய்கிறது. கொடுஞ்சட்டத்துக்கு மருந்து, வெளிப்படையாக வாதம் கேட்டுக் காரணம் எழுதித் தீர்ப்பளிக்கும் நீதிமன்றமும், அடுத்த தேர்தலிலே வாக்களிக்கும் மக்களுமே.

நம் நாட்டின் நிலை

இந்தக் கண்ணாடியிலே நம் முகத்தைப் பார்ப்போம். இந்திய அரசியல் சட்டம் உருவானபோது, கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற திட்டம் முதலிலே இருந்தது. 1949-ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டு, நியமனக் கவர்னர் என்று முடிவாயிற்று. கவர்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கும் தலைவராகவே இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த முடிவு அது.

நடந்தது என்ன? தமிழ்நாடு சட்டசபை 2020 முதல் 2023 வரை நிறைவேற்றிய 10 மசோதாக்கள் கவர்னர் மாளிகையிலே தேங்கின. 2023 நவம்பரிலே ஒப்புதல் இல்லை என்று திரும்பின. சட்டசபை கூடி அதே மாதம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அவை குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, அப்படி அனுப்பியது தவறு, மசோதாக்கள் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, காலவரையும் வகுத்தது. பின்னர் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்தின் மேல், 2025 நவம்பர் 20-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கூறிய கருத்து, கோர்ட்டு காலவரை வகுக்க இயலாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதிக் கொள்ளவும் இயலாது என்றது. மசோதாவைத் திருப்பி அனுப்பாமலே வைத்துக் கொண்டு கவர்னர் அதைக் கொன்றுவிட முடியாது என்றும், காரணமின்றி நெடுநாள் வாளாவிருந்தால் முடிவெடுக்குமாறு கோர்ட்டு பணிக்கலாம் என்றும் அதுவே கூறிற்று. ஆக, ஒரு கை கொடுத்ததை மறு கை பாதி வாங்கிக் கொண்டது. முதல் சாவி இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

இரண்டாம் சாவி? 2017 ஜூலை முதல் மாநிலங்களின் விற்பனை வரி, பெரும்பாலும், சரக்கு சேவை வரியிலே கரைந்தது. அந்த வரியின் விகிதத்தைப் பரிந்துரைக்கும் கவுன்சிலிலே மத்திய சர்க்காரின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு வேண்டியதோ நான்கில் மூன்று பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாநிலங்கள் அனைத்தும் ஒன்றாக நின்றாலும், மத்திய சர்க்கார் தலையசைக்காமல் எதுவும் நடவாது. கல்வியோ, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயிற்று.

மூன்றாம் சாவி, 356-ஆவது விதி. தமிழ்நாட்டிலே 1976, 1980, 1988, 1991 ஆகிய நான்கு ஆண்டுகளிலே அது திருப்பப்பட்டது. வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிகள் அதற்கு இரையாயின. ஒரு கட்சிக்கு நேர்ந்த துன்பம் என்று அதைக் குறுக்கிவிட முடியாது. 1994-ஆம் ஆண்டு பொம்மை வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டு, பெரும்பான்மை உண்டா என்பது சட்டசபையிலே தெரிய வேண்டும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்று கூறிய பிறகே அந்தச் சாவி எளிதிலே திரும்பாமல் நின்றது. விதி மட்டும் ஏட்டிலே அப்படியே இருக்கிறது.

மாநில சுயாட்சியை ஆராய 1969-இலே ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டது. 1971-இலே அது அறிக்கை தந்தது. 1974-இலே சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய சர்க்கார் அமைத்த சர்க்காரியா கமிஷனும் 1988-இலே அறிக்கை தந்தது. ஏடுகளுக்குக் குறைவில்லை.

என் செய்வது?

கனடாவின் கதையிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வரலாம். இரண்டையும் விலக்க வேண்டும். ஏடு மாறாமலே அங்கே காரியம் ஆயிற்றே, ஆகவே அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம் என்பது ஒன்று. அங்கே 356 இல்லை, இங்கே இருக்கிறது. ஏட்டிலே உள்ள முள்ளை ஏட்டிலிருந்தே எடுக்கத்தான் வேண்டும். திருத்தம் வருகிற வரையிலே கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது மற்றொன்று. மோவட் அப்படி இருந்திருந்தால், கனடாவின் மாகாணங்கள் இன்றும் அடிவாரத்திலேதான் கிடந்திருக்கும்.

பயன்படுத்தாத உரிமை, உழாத நிலம் போன்றது. அண்டை வீட்டுக்காரன் வேலியை நகர்த்திக் கொண்டே வருவான். ஆகவே நம்மிடமுள்ள உரிமையை முதலிலே முழுதும் உழுதாக வேண்டும். மசோதா திரும்பினால் அதை மறுபடியும் நிறைவேற்ற வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும். நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். ஒரு தீர்ப்பு பாதகமாயின் அடுத்த வழக்கைத் தொடுக்க வேண்டும். மொழியும் கட்சியும் வேறான மாநிலங்களோடும் இந்த ஒன்றுக்காகக் கைகோக்க வேண்டும். நல்ல ஆட்சி நடத்த வேண்டும். ஏனெனில், கைக்கு வந்த அதிகாரத்தை ஒழுங்காகச் செலுத்தாதவன் மேலும் கேட்டால் மக்கள் நகைப்பார்கள். மாநிலத்திடமிருந்து அதிகாரம் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இறங்கவும் வேண்டும். டெல்லியிடம் கேட்பதை, நாமும் கீழே உள்ளவர்க்குக் கொடுத்தால்தான் நம் சொல்லுக்கு மதிப்பு.

தோழர்களே, உங்களுக்கும் இதிலே பங்குண்டு. அடுத்த தெருமுனைக் கூட்டத்திலே, கவர்னர், முதலமைச்சர், சட்டசபை என்ற பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பாடத்தை முடிவு செய்பவர் யார், நம் கடைவீதியிலே கட்டும் வரி எந்த வழியாகத் திரும்பி வருகிறது, நாம் அனுப்பிய உறுப்பினர் கை தூக்கி நிறைவேற்றிய மசோதா இப்போது எந்த மேசையிலே கிடக்கிறது என்று மக்களிடம் கேளுங்கள். ஒண்டாரியோவின் விவசாயிக்கும் மரம் வெட்டியவனுக்கும் அரசியல் சட்ட நுணுக்கம் தெரியாது. தன் ஆற்றிலே தன் மரம் ஏன் நிற்கிறது என்பது தெரிந்தது. அந்தக் கேள்வி ஊருக்கு ஊர் எழுந்த பிறகு, மெக்டொனால்டின் மலையும் அசைந்து கொடுத்தது. நம் மரம் எங்கே நிற்கிறது என்பதை நம் மக்களுக்குக் காட்டுவோம். எஞ்சியதை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.